முதல் வெள்ளி எஞ்சின்

தங்கராஜின் முதுகுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி, செல்போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே நான் பக்கவாட்டில் நடந்துகொண்டிருக்கிறேன். அவன் தோளில் புல்வெட்டும் மெஷின். அவன் இடது பக்கம் திரும்பினால் நானும் இடது பக்கம் திரும்புகிறேன். வெட்டுப்பட்ட புல்லும் மண்ணும் வேட்டி முழுக்கத் தெறிக்கிறது. ஒரு கல் வந்து முழங்கால் எலும்பில் அடித்தது. உயிர் போகிறது, ஆனால் கத்த முடியாது. போனின் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறான்.

ஒரு நிமிஷம் ஆனதும் தங்கராஜின் தோளைத் தட்டினேன். அவன் மெஷினை அணைத்தான். நான் போனைக் காதில் வைத்து, மூச்சு வாங்குவதை அடக்கிக்கொண்டு, "கேட்டியா மக்கா?" என்றேன்.

"கேட்டேன் கண்டக்டரே," என்றான் பஹ்ரைனிலிருந்து செலஸ்டின். "நல்ல சத்தமாக்கும். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாப் போவுது. அந்த ஸ்குரூவ கால் சுத்து டைட் பண்ணு."

பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். எந்த ஸ்குரூ என்று எனக்குத் தெரியாது. தங்கராஜிடம் சொன்னேன். அவனுக்குத் தெரிந்திருந்தது.

செலஸ்டின் அன்றைக்குக் கேட்டது தன்னுடைய மீன்பிடி வள்ளத்து எஞ்சினின் சத்தம் என்று நம்பிக்கொண்டிருந்தான். அந்த எஞ்சினோ என் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில், நாலு சாக்குக்கு அடியில், கட்டையாகக் கிடந்தது. இப்படி ஒரு மாதம் அல்ல, இரண்டு மாதம் அல்ல. ஏழு வருஷம்.

இந்தத் தொடரைப் படித்துவிட்டுச் சிலர் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். 'தங்களைப் போன்ற நேர்மையான கண்டக்டரை இந்தக் காலத்தில் பார்க்க முடியுமா' என்று கேட்கிறார்கள். சரளா அந்தக் கடிதங்களை ஒரு வரி விடாமல் வாசிப்பாள். வாசித்துவிட்டு எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள். முப்பத்தைந்து வருஷமாக என் மனைவி, அவளுக்குத் தெரியாததா? அவள் ஏன் அப்படி எழுந்து போகிறாள் என்பதை இந்த வாரம் நானே சொல்லிவிடுகிறேன்.

டிக்கெட் எடுத்த எஞ்சின்

செலஸ்டினை நான் முதலில் பார்த்தது சண்டையில்தான். நெய்யாற்றின்கரையிலிருந்து காஞ்சிரங்குளம் வழியாகக் கடற்கரைக்குப் போய்த் திரும்பும் பஸ்ஸில் அப்போது எனக்கு டியூட்டி. காஞ்சிரங்குளத்துக்குக் கீழே ஒரு ஸ்டாப்பில், சாக்கில் சுற்றிய பெரிய சாதனம் ஒன்றை இரண்டு பேர் தூக்கிக் கொடுக்க, அதோடு ஏறினான் ஒரு தடியன். பஸ் காலியாக இருந்தது. சாதனத்தை ஜன்னலோர சீட்டில் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தான்.

லக்கேஜை மடியில் வை, இல்லை கீழே வை என்றேன். மடியில் வைத்தால் தொடை எலும்பு உடையும், கீழே வைத்தால் எஞ்சின் உடையும், அதனால் எஞ்சினுக்கு ஒரு முழு டிக்கெட் கொடு என்றான். சீட்டில் உட்கார்ந்து வருவதற்கு டிக்கெட் எடுக்க வேண்டியது ஆள்தான், எஞ்சின் அல்ல என்றேன். நான் அன்றைக்குக் காலையிலிருந்தே கடுப்பில் இருந்தேன். டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு பீடி பற்ற வைத்தார். கடைசியில், தொலையட்டும் என்று ஒரு முழு டிக்கெட்டைக் கிழித்து அந்தச் சாக்கின் முடிச்சில் செருகினேன்.

நாலு ஸ்டாப் தள்ளிக் கூட்டம் ஏறியது. இரண்டு வயதான பெண்கள் நின்றுகொண்டு வந்தார்கள். எஞ்சின் உட்கார்ந்து வந்தது. அடுத்த ஸ்டாப்பில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். எனக்கு மெமோ வந்தது.

அடுத்த வாரம் அதே ஸ்டாப்பில் செலஸ்டின் கைகாட்டி வண்டியை நிறுத்தினான். ஏறவில்லை. வாழையிலையில் பொதிந்த ஒரு கட்டு சாளை மீனை என் கையில் திணித்துவிட்டு, "மெமோவுக்கு" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டான். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அதிலிருந்துதான் நாங்கள் சேக்காளிகள்.

மேட்டுக்கு வந்த எஞ்சின்

செலஸ்டின் நாற்பத்தொன்பது வயதில் கல்ஃப் போனான். அங்கே மீன்பிடி படகில் வேலை. போவதற்கு முந்தின நாள் ஒரு ஆட்டோவில் எஞ்சினைக் கட்டி எடுத்துக்கொண்டு குன்னத்துகாலில் என் வீட்டுக்கு வந்து இறங்கினான்.

கடற்கரைக்காரர்கள் ஓடாத எஞ்சினைக் கரையில் வைத்திருக்க மாட்டார்கள். தினமும் ஓடுகிற எஞ்சினை உப்புக்காற்று அவ்வளவாக ஒன்றும் செய்யாது. சும்மா இருக்கிறதைத்தான் தின்னும். அதனால் வெளிநாடு போகிறவன் கடல்காற்று எட்டாத மேட்டுப்பக்கம் நம்பிக்கையான ஆள் வீடு பார்த்து எஞ்சினை ஒப்படைத்துவிட்டுப் போவான். எங்கள் வீடோ மரச்சீனிக் கிழங்கும் ரப்பரும் விளைகிற இடம். எங்கள் குடும்பத்தில் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கினவர்கள் யாரும் கிடையாது.

அந்த எஞ்சின் அவனுக்கு என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். வள்ளத்தில் பிடிக்கிற மீனைப் பங்கு வைக்கும்போது ஆளுக்கு ஒரு பங்கு போல, வலைக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு உண்டு. என்றாவது ஒருநாள் அவன் திரும்பி வந்தால், கையில் எஞ்சின் இருந்தால் மச்சினன் வள்ளத்தில் பங்காளியாக ஏறலாம். இல்லாவிட்டால் அந்த வயதில் இன்னொருத்தன் வள்ளத்தில் வலை இழுக்கிற கூலியாள்தான்.

அதனால் எஞ்சினை எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தான். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் ஆயில் விட வேண்டும். கயிற்றை வலிக்க வேண்டும், அதாவது வெடுக்கென்று இழுக்க வேண்டும். ஓட விட்டால் இன்னும் நல்லது.

"சும்மா கிடந்தா செத்துப் போவும், கேட்டியா. மாசத்துக்கு ஒருக்கா நீ அத எழுப்பணும்," என்றான்.

எஞ்சின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அந்தக் கை இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது.

திட்டம் போட்டுச் சொன்ன பொய் அல்ல

முதல் இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தேன். இதை யாரும் நம்புவதில்லை, சரளாகூட நம்புவதில்லை, ஆனால் செய்தேன். மூன்றாவது மாதம் முதுகுவலி. நாலாவது மாதம் என்ன காரணம் என்று நினைவில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை செலஸ்டின் கூப்பிடுவான். வெள்ளி அங்கே லீவு. முதல் வெள்ளி என்றால் அவன் சர்ச்சில் பூசைக்கும் போவான். போய்விட்டு வந்து எனக்குப் போன். வீடு, பிள்ளை எல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வியே "வலிச்சியா?" என்றுதான் இருக்கும். வலிச்சேன் என்று நானும் சொல்லிவிடுவேன்.

ஒருநாள், சத்தம் கேட்க வேண்டும் போல இருக்கிறது, அடுத்த தடவை ஓட விட்டுப் போனைப் பக்கத்தில் பிடி என்றான். சரி, இனியாவது செய்வோம் என்று அந்த முதல் வெள்ளி ஷெட்டுக்குள் போய்க் கயிற்றை வலித்தேன். அது ஒரு இஞ்சுகூட அசையவில்லை. உள்ளே பிடித்துப்போயிருந்தது. நான் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நிற்கும்போதே போன் அடித்தது. அதே நேரம் பார்த்து வெளியே தங்கராஜ் தன் மெஷினை ஸ்டார்ட் பண்ணினான்.

தங்கராஜ் பக்கத்து வீட்டுக்காரன். முப்பது வயதுக்காரன். ரப்பர் தோட்டங்களில் புல்வெட்டுவது அவன் வேலை. அன்றைக்கு அவன் என் தோட்டத்தில் வெட்டுவான் என்று எனக்கு நினைவே இல்லை. நான் திட்டம் போட்டுப் பொய் சொல்கிற ஆள் இல்லை. அது தானாக வந்தது. போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "கேளு மக்கா" என்றேன்.

அவன் கேட்டான். பிறகு, "கொள்ளாம்" என்றான், நல்லா இருக்கு என்கிற அர்த்தத்தில். குரல் ஒரு மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எப்படி நிறுத்துவது? முதல் வெள்ளி வந்தால் தங்கராஜ் என் தோட்டத்தில் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு ஆனது. குன்னத்துகால் பஞ்சாயத்திலேயே மொட்டையாக இருந்த ரப்பர் தோட்டம் என்னுடையதுதான். யாராவது பெரிய ஆள் வருகிறாரா என்று கேட்டார்கள். சித்திரை வெயிலில் வெட்டப் புல்லே இல்லாதபோது தங்கராஜ் மெஷினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறும் காற்றை வெட்டினான்.

"ஒரு கயிற வலிக்கச் சோம்பி, ரெண்டு ஏக்கரு புல்ல வெட்டுற ஆள இப்பந்தான் பாக்கேன்," என்றாள் சரளா.

பத்து நாள்

ஒரு திங்கட்கிழமை போன் வந்தது. திங்கட்கிழமை செலஸ்டினின் நம்பரைப் பார்த்ததுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. விசா முடிந்துவிட்டது, இனிமேல் இங்கே இல்லை என்றான். அடுத்த வாரம் வியாழக்கிழமை இறங்குகிறான். "வெள்ளிக்கிழமை வாறேன், எஞ்சின் எடுக்க. முதல் வெள்ளியாக்கும். மச்சினன் வள்ளத்துல ஓட்டை அடைச்சு பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கான். எஞ்சினு மட்டும்தான் வேணும்."

அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் தங்கராஜும் நானும் ஷெட்டுக்குப் போய்ச் சாக்குகளை விலக்கினோம். புகை போகிற வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பெட்ரோல் குழாயை எலி கடித்துத் துண்டு துண்டாக்கியிருந்தது. மூடிக்குள் பல்லி முட்டை. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கைப்பிடி மட்டும் என் கையோடு வந்தது, கயிறு இற்றுப்போயிருந்தது. தங்கராஜ் மூடியைக் கழற்றி டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தான்.

"பயப்படாதீங்க அண்ணாச்சி. இதும் எனக்க மெஷினும் ஒரே குடும்பம். இது மூத்தது," என்றான்.

பிளக்குகளைக் கழற்றி, இரண்டு ஓட்டையிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றினோம். பிறகு காத்திருக்க வேண்டும். பலம் பிடித்துத் திருகினால் உள்ளே உடையும். செவ்வாய்க் காலை ஸ்பேனர் போட்டுப் பார்த்தோம், அசையவில்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் அப்படித்தான். நான் அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தேன். இது வேதக்காரனுடைய எஞ்சின் ஆயிற்றே என்று யோசித்து, அமரவிளை போகிற வழியில் சிலுவை நிற்கிற ஒரு குருசடியில் மெழுகுதிரியும் ஏற்றினேன். இரண்டு பக்கமும் சொல்லி வைத்தால் நல்லதுதானே.

வெள்ளிக்கிழமை காலை தங்கராஜ் ஸ்பேனரை லேசாக அழுத்தினான். நூல் அளவுக்கு நகர்ந்தது. "அனங்கிச்சு," என்றான் மெதுவாக. சரளா அடுக்களையிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கார்புரேட்டருக்குள் ஏழு வருஷத்துப் பெட்ரோல் காய்ந்து பலாப்பழத்தைக் கிண்டி எடுத்த சக்கை வரட்டி மாதிரி ஒட்டியிருந்தது. சரளாவின் புது டூத் பிரஷால் அதைத் தேய்த்து எடுத்தோம். குழாயும் கயிறும் பிளக்கும் அமரவிளையில் கிடைத்தன. தண்ணீர் இழுக்கிற பம்புக்குள் ஒரு ரப்பர் சக்கரம் உண்டு, அது மட்டும் கடற்கரைப் பக்கத்துக் கடையில்தான் கிடைக்கும். செலஸ்டினின் மச்சினன் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று, கொரோனாக் காலத்து மாஸ்க்கைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு போய் வாங்கி வந்தேன்.

மெக்கானிக் வேலை எனக்கு வராது. ஆனால் சும்மா நிற்கவும் மனசு வரவில்லை. துரு பிடித்த மூடியையும் உடம்பையும் நான் எடுத்துக்கொண்டேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கீறல், பள்ளம், பழைய ஸ்டிக்கர், எழுத்து, எண் எதையும் விடவில்லை. பள்ளங்களில் பட்டி வைத்து நிரப்பி, மேலே நல்ல நீலத்தில் இரண்டு கோட் பெயிண்ட் அடித்தேன். ஷோரூமில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. இந்த விஷயத்தில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான். அதுதான் என்னைக் கவிழ்க்கவும் செய்தது.

பால் கறந்தது

வள்ளத்து எஞ்சினை வெறுமனே ஓட்டக் கூடாது. அதன் கால் தண்ணீரில் இருக்க வேண்டும். அது தண்ணீரைக் குடித்து, தன்னைக் குளிர்வித்து, பக்கத்திலுள்ள சின்ன ஓட்டை வழியாகப் பீய்ச்சும். அதனால் கரையில் ஓட்டிப் பார்க்க ஒரு பெரிய டிரம் வேண்டும்.

எங்கள் ஊரில் பெரிய டிரம் என்றால் ரப்பர் பால் டிரம்தான். எல்லாரிடமும் அதுதான் இருக்கும். தங்கராஜ் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து, கழுவி, தண்ணீர் நிரப்பினான். ஒரு பலகையை மரத்தோடு சேர்த்துக் கட்டி, எஞ்சினை அதில் மாட்டி, அடியில் சுழல்கிற காற்றாடியைக் கழற்றிவிட்டுக் காலை டிரம்முக்குள் இறக்கினோம். அது அடுத்த வாரம் புதன்கிழமை.

பதினோராவது வலியில் இருமியது. பதினாலாவதில் வெள்ளைப் புகையாகக் கக்கிக்கொண்டு பிடித்தது. கோழிகள் எல்லாம் வேலி தாண்டி ஓடின. நான் தங்கராஜைக் கட்டிப்பிடித்தேன். அப்போது ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சியது, வெள்ளை வெளேர் என்று.

"அண்ணாச்சி, பால் கறக்குது," என்றான் தங்கராஜ் சந்தோஷமாக.

ஒரு நிமிஷத்துக்குள் பால் மெலிந்தது. பிறகு நின்றது. பிறகு கருகல் வாசனை வந்தது. நான் போட்ட சத்தத்தில் தங்கராஜ் பாய்ந்து அணைத்தான். டிரம்மின் அடியில் பழைய ரப்பர் பால் மிச்சம் இருந்திருக்கிறது. எஞ்சின் அதை இழுத்து, தன் சூட்டில் உறைய வைத்து, குழாய் முழுக்க ரப்பராக்கிவிட்டது. தங்கராஜ் ஓட்டையில் கம்பியை விட்டு ஒரு நுனியைப் பிடித்து இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம் வந்ததும் கை தவறி, பட்டென்று அவன் மூக்கில் அடித்தது.

கடற்கரைக்காரன் எவனும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது. ரப்பர்காரர்களான எங்களால்தான் முடியும். அந்த நேரத்திலும் நாங்கள் இரண்டு பேரும் அந்தத் துண்டை இழுத்து இழுத்துப் பார்த்து, நல்ல ரப்பர்தான் என்று ஒத்துக்கொண்டோம்.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, குழாய் குழாயாகச் சுரண்டி எடுத்தோம். சரளா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே தன் மழைத்தண்ணீர் டிரம்மைக் கொடுத்தாள். வியாழன் மத்தியானம், செலஸ்டினின் விமானம் இறங்குகிற நேரத்துக்கு, எஞ்சின் இரண்டாவது வலியில் பிடித்தது. பெட்ரோலில் சூடேறி, வள்ளத்து எஞ்சின்கள் ஓடுகிற மண்ணெண்ணெய்க்கு மாறியது. தெளிந்த தண்ணீர் வெதுவெதுப்பாகப் பீய்ச்சியது. மூன்று பேரும் மாறி மாறி அதில் கையை நீட்டிப் பார்த்தோம்.

இது வேறு சத்தம்

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் செலஸ்டின் வந்தான். மெலிந்திருந்தான், தலைக்கு டை அடித்திருந்தான். சரளாவுக்கு ஒரு கம்பளி, எனக்கு ஒரு டார்ச். டீகூடக் குடிக்காமல் நேராகப் பின்பக்கம் போனான்.

நீல நிற எஞ்சினைப் பார்த்ததும் நின்றான். ஒரு சுற்று சுற்றி வந்தான். மூடியின் இடது பக்கம் கட்டைவிரலால் தடவி எதையோ தேடினான். நான் அதைக் கவனிக்காமல், பெருமையாகக் கயிற்றை வலித்தேன். முதல் வலியிலேயே பிடித்தது. இதோ 'கொள்ளாம்' சொல்லப் போகிறான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அணைக்கச் சொன்னான். இன்னொரு தடவை வலிக்கச் சொன்னான். தலையைச் சாய்த்துக் கேட்டான். கோபம் வந்தால் செலஸ்டின் மலையாளத்துக்குப் போய்விடுவான்.

"இது என்றெ எஞ்சினல்ல," என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். எங்கள் பேச்சில் சிலதை அதில் பதிந்து வைத்திருந்தான். போட்டுக் காட்டினான். தங்கராஜின் மெஷின் உர்ரென்று ஓடியது, ஓரத்தில் நான் மூச்சு வாங்குவதும் கேட்டது. ஏழு வருஷம் மாதாமாதம் கேட்டுக் கேட்டு அவனுக்கு அதுவே தன் எஞ்சினின் சத்தமாகிவிட்டது. அதற்கு முந்தின சத்தம் அழிந்தே போயிருந்தது.

"எனக்க எஞ்சினு இதாக்கும். மூடியில ஆணி வச்சு ஒரு குரிசு கீறியிருந்தேன், அது எங்க? நம்பரு எங்க? எஞ்சினுக்க பேப்பரு கடலு வீட்டுக்குள்ள வந்தப்பம் போச்சு, அது உனக்கும் தெரியும்." கொஞ்சம் நிறுத்தினான். "நல்லத வித்துட்டு, ஒரு பழசுக்கு பெயிண்ட் அடிச்சு நிறுத்தியிருக்கே, கண்டக்டரே."

சத்தமே போடாமல் சொன்னான். இருபத்தெட்டு வருஷம் பை தூக்கியிருக்கிறேன். என்னைக் கோபக்காரன் என்று சொல்லியிருக்கிறார்கள், வாய்த்துடுக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். திருடன் என்று யாரும் சொன்னதில்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திருடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், ஏழு வருஷப் பொய்யன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். வேறு வழியே இல்லை. தங்கராஜ் தென்னை மர உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க சொல்லுறீங்களா, நான் சொல்லட்டா?" என்றாள் சரளா.

"எலே செலஸ்டினு," என்றேன். "எஞ்சின் உனக்கதுதான். சத்தம்தான் உனக்கது இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். முதுகுவலி, ஜன்னல், மொட்டைத் தோட்டம், எலி, ரப்பர் பால், மாஸ்க், எதையும் விடவில்லை. அவன் நம்பவில்லை. அதனால் தங்கராஜ் தன் வீட்டுக்குப் போய் மெஷினை எடுத்து வந்து ஸ்டார்ட் பண்ணினான். செலஸ்டின் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் முழுக்கக் கேட்டான். தங்கராஜ் அணைத்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"மாசா மாசம் ஸ்குரூவ டைட் பண்ணு, லூஸ் பண்ணுன்னு சொன்னேனே. அத ஆரு செய்தா?"

"நான்தான் அண்ணே," என்றான் தங்கராஜ் பயந்துகொண்டே. "நீங்க சொன்னபடியே செய்தேன். அதுனாலதான் மெஷின் இன்னும் புதுசு கணக்கா ஓடுது."

செலஸ்டின் பாக்கெட்டிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, மூடியின் இடது பக்கம் என் நீல பெயிண்ட்டைச் சுரண்ட ஆரம்பித்தான். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு கோட்டும் போனது. அடியில், நான் கரிசனமாக நிரப்பின பட்டி வெள்ளையாக, ஒரு கோணல் சிலுவை வடிவத்தில் தெரிந்தது. அவன் அதன் மேல் விரல் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"கும்பசாரிச்சாச்சு, பாவத்த எல்லாம் சொல்லியாச்சு," என்றான் கடைசியில். "இனி பிராயச்சித்தம் உண்டு. வலிக்காத மாசத்துக்கெல்லாம் சேத்து, இப்பம் வலி."

கணக்குப் பார்த்தால் எண்பதைத் தாண்டும். வலித்தேன். ஒவ்வொரு வலிக்கும் எஞ்சின் பிடிக்கும், அவன் அணைப்பான், மறுபடி வலிக்க வேண்டும். சரளா இரக்கமே இல்லாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினேழில் என் தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆனது. பத்தொன்பதில் செலஸ்டின் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவன்தான் முதலில் சிரித்தான்.

அறையில் ஆறு பேர்

டீ குடிக்கும்போது செலஸ்டினின் போன் அடித்தது. பஹ்ரைனில் அவன் இருந்த அறை. அங்கே அவனைத் தவிர ஆறு பேர் தங்கியிருந்தார்கள். முதல் வெள்ளி நான் போனை நீட்டும்போதெல்லாம் செலஸ்டின் அதை ஸ்பீக்கரில் போடுவானாம். குளச்சல்காரன் அந்தோணி, ஊர் பார்த்து ஒன்பது வருஷம் ஆனவன், சமையலை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவானாம். ஊருக்கு வந்தால் இந்த எஞ்சின் போட்ட வள்ளத்தில் ஒரு தடவை கூட்டிப் போக வேண்டும் என்று ஆறு பேரும் சொல்லி வைத்திருக்கிறார்கள். இதை அன்றைக்குத்தான் சொன்னான். எனக்கு டீ கசந்தது.

இன்றைக்கு எஞ்சின் பக்கத்திலேயே நீ இருக்கிறாயே, போடு, கேட்போம் என்றார்கள். செலஸ்டின் என்னைப் பார்த்தான். நான் வலித்தேன், இருபதாவது. எஞ்சின் பிடித்தது. போனை அதன் அருகே பிடித்தான். கொஞ்ச நேரம் கழித்து அணைத்துவிட்டு, எப்படி என்று கேட்டான்.

அந்தோணியின் குரல் வந்தது. "அண்ணே, இது வேற எஞ்சினுல்லா? நம்மளது இப்பிடி இல்லியே."

சொல்லிவிடப் போகிறான் என்று நினைத்தேன். ஆறு பேர் முன்னால் என் மானம் கப்பலேறப் போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். செலஸ்டின் ஒரு கையால் போனைப் பொத்தினான். மறு கையால் தங்கராஜுக்குச் சைகை காட்டினான்.

தங்கராஜ் மெஷினைத் தூக்கித் தோளில் மாட்டினான். அது உர்ரென்று பிடித்தது. செலஸ்டின் போனை நீட்டினான். ஸ்பீக்கரில் ஆறு பேரின் குரலும் ஒன்றாக வந்தது: "ஆங், இதாக்கும்."

இப்போது அந்த நீல எஞ்சின் மச்சினன் வள்ளத்தில் ஓடுகிறது. எஞ்சின் பங்கு செலஸ்டினுக்கு வருகிறது. சுரண்டின இடத்தில் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்றேன், தொட்டால் கையை ஒடிப்பேன் என்றான். ஆனால் மாதத்தில் முதல் வெள்ளி அவன் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து, மீன் வாங்கிக்கொண்டு, பஸ் ஏறிக் குன்னத்துகாலுக்கு வந்துவிடுகிறான்.

போன முதல் வெள்ளி நான் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கராஜின் முதுகுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி, போனை நீட்டிக்கொண்டு, செலஸ்டின் பக்கவாட்டில் நடந்தான். ஒரு கல் தெறித்து அவன் முழங்காலில் அடித்தது. வாயைத் திறந்தான். நான் உதட்டில் விரல் வைத்தேன். மூடிக்கொண்டான்.

மெஷின் நின்றதும் போனைக் காதில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, "கேட்டியா மக்கா?" என்றான். அந்தப் பக்கம் அந்தோணி ஏதோ நீளமாகச் சொன்னான். செலஸ்டின் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான்.

"சரி, பண்ணுறேன்," என்று சொல்லிவிட்டு வைத்தான். பிறகு தங்கராஜிடம் திரும்பி, ஸ்குரூவைக் கால் சுற்று டைட் பண்ணச் சொன்னான்.